நீ கால் நனைத்த இடம்

தம்பி,

சிங்சுவான் வெந்நீர் ஊற்றில் காலை நனைத்துக்கொண்டு நீ அனுப்பிய போட்டோ பார்த்தேன். தைவானில் சிஞ்சுவுக்கு வேலைக்குப் போய் இரண்டு வருஷமாகிறது, அங்கே யார் இருந்தார்கள் என்று யாரையாவது கேட்டாயா? முப்பது வருஷம் சரித்திரப் பாடம் எடுத்தவள் நான், சும்மா விடுவேனா.

சீனத் தளபதி ஜாங் ஷுவேலியாங்கைச் சுமார் 10 வருஷம் அங்கேதான் காவலில் வைத்திருந்தார்கள். 1928இல் அவர் அப்பா வந்த ரயிலுக்கு ஜப்பான் ராணுவத்தார் குண்டு வைத்துக் கொல்ல, அப்பா ஆண்ட வடகிழக்குச் சீனப் பகுதியான மஞ்சூரியா 27 வயதில் இவர் கைக்கு வந்தது. 1931இல் அதையும் ஜப்பான் பிடுங்கிக்கொண்டது. சண்டை போடாமல் விட்டவர் என்று ஊர் ஏசியது, போதாததற்கு மார்ஃபின் பழக்கம் வேறு. அப்போதைய சீனத் தலைவர் சியாங் கை ஷேக்கோ முதலில் கம்யூனிஸ்டுகளை ஒழி, ஜப்பானை அப்புறம் பார்க்கலாம் என்கிறார். சொந்த ஊரைப் பறிகொடுத்த சிப்பாய்களிடம் அதை எந்த வாயால் சொல்வது?

1936 டிசம்பர் 12 விடியற்காலை, சியான் நகரத்துப் பக்கத்தில் சியாங் தங்கியிருந்த இடத்தை ஜாங்கின் ஆட்கள் வளைத்தார்கள். (அதுவும் ஒரு வெந்நீர் ஊற்றுதான், பார்.) நாட்டின் தலைவர் ராத்திரி உடையோடு சுவரேறிக் குதித்து, முதுகில் அடிபட்டு, பல்செட்டைக்கூட விட்டுவிட்டு மலையில் பாறை இடுக்கில் ஒளிந்திருந்தாராம். இரண்டு வாரப் பேச்சுக்குப் பிறகு, ஜப்பானை எதிர்க்கிறேன் என்று வாய்ச் சம்மதம் கொடுத்ததும் டிசம்பர் 25 அன்று விட்டுவிட்டார்கள். அதோடு நின்றிருக்கலாம். ஜாங் தானும் விமானமேறி தலைநகர் நான்ஜிங் வரைக்கும் போனார், சியாங்கைக் கொண்டுபோய் விட! 10 வருஷத் தண்டனை, உடனே மன்னிப்பு, ஆனால் ஐம்பது வருஷத்துக்கு மேல் காவல். 1975இல் சியாங் செத்த பிறகும் விடவில்லை.

உன் அப்பா கேட்டுவிட்டு, "சரியான மடையன்" என்றார். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் சியாங்கைப் பிடித்ததில் கூட்டாளியான யாங் ஹூசெங்கை 1949இல் கொன்றே போட்டார்கள், இவராவது பிழைத்து 2001இல் ஹவாயில் நூறு வயதில் போனார்.

இதெல்லாம் இருக்கட்டும், எனக்கு நினைப்பெல்லாம் ஜாங்கின் துணைவி ஜாவ் யிடி மேல்தான். ஒரே மகனை அமெரிக்காவில் தெரிந்தவர் பொறுப்பில் விட்டுவிட்டு, 1940 வாக்கில் அவரோடு சிறையிருக்க வந்தவள். சட்டப்படி கல்யாணம் 1964இல்தான், அதற்குள் அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பிள்ளையை விட்டு அந்த மலைக்காட்டில் எப்படித்தான் இருந்தாளோ, மழைக்காலத்தில் என்ன செய்திருப்பாள்? நினைத்து நினைத்து நேற்று பாதி ராத்திரி விழித்திருந்தேன்.

அவர்கள் இருந்த வீடு வெள்ளத்தில் போய், இப்போது இருப்பது பின்னால் கட்டியது என்கிறார்கள். பரவாயில்லை, அடுத்த தடவை உள்ளே போய் அவள் படம் இருந்தால் எடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. போட்டோவில் இளைத்துத் தெரிகிறாய்.

அம்மா