அம்மாவுக்கு, கோழிக்கூட்டுக் கதவைப் பற்றி

கொல்மார் பக்கம், பிரான்ஸ்
ஏப்ரல் 14, 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே மூன்று பேரும் நலம். அங்கே நீ, அப்பா, ஆயா எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? வாராவாரம் வீடியோவில் பார்க்கிறோமே, இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஒரு விஷயத்தைச் சொல்ல நாலு மாதமாகப் பார்க்கிறேன், உன் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. "கோழியெல்லாம் எப்படி இருக்கு" என்று நீ கேட்கும்போதெல்லாம் "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு போனைப் பாப்பா பக்கம் திருப்பிவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். ஆயாவுக்கும் படித்துக் காட்டு.

நல்லதை முதலில் சொல்கிறேன். மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக (சிப்பாயாக) இருந்தவர் என்பதால் இங்கே வந்தபோது பேப்பர் வேலையெல்லாம் சிரமமில்லாமல் முடிந்தது, ஆனால் பகல் முழுக்கப் பேச ஒரு ஆள் கிடையாது, அது உனக்குத் தெரியும். அந்தச் சமயத்தில்தான் கோழி வந்தது. இந்தக் கொல்மார் சுற்றுவட்டார ஊர்களில் 2015-லிருந்து, கேட்கிற வீடுகளுக்கு இரண்டு கோழி இலவசமாகக் கொடுக்கிறார்கள், முட்டைக்காக இல்லை, குப்பைக்காக! வீட்டில் மிஞ்சுகிற சோறு, காய்த் தோலைக் கோழி தின்றுவிட்டால் குப்பை வண்டியில் ஏறுகிற எடை குறையும் என்பது கணக்கு. நன்றாகப் பார்த்துக்கொள்வோம் என்று கையெழுத்துப் போட்டு வாங்கினோம். ஒன்று சிவப்பு, அதற்கு நான் செவலை என்று பேர் வைத்தேன். இன்னொன்று இந்தப் பகுதிக்கே உரிய அல்சாஸ் கோழி.

முதல் நாள் இரண்டும் புதருக்குள் போய் ஒளிந்துகொண்டன. பக்கத்து வீட்டு மதாம் வேலி ஓரமாக நின்று "ப்தி, ப்தி, ப்தி" என்று கூப்பிட்டார், இங்கே கோழியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வரவில்லை. நான் உள்ளே போய் ஒரு கை நொய் அள்ளிவந்து, நீ கொல்லையில் நின்று கூப்பிடுகிற மாதிரியே "பா பா பா பா" என்றேன். அம்மா, பிரெஞ்சுக் கோழி நம்ம பாஷைக்கு ஓடி வந்தது. எத்தனை மாதத்துக்கு அப்புறம் வாய்விட்டுத் தமிழ் பேசினேனோ அன்றைக்கு. இப்போது பாப்பாவும் அப்படித்தான் கூப்பிடுகிறாள், மதாமும்கூட.

அடுத்த வருஷம் இன்னும் நாலு வாங்கினோம். அதில் இரண்டு மாரான் இனம், கடற்கரைப் பக்கத்து ஊர் ஒன்றின் பேர் அது. முட்டையின் ஓடு கருப்பட்டி நிறத்தில் இருக்கும், கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சேவல் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. அந்த மாரான் பக்கத்தில் ஓலெரோன் என்று ஒரு தீவு இருக்கிறது, அங்கே மொரிஸ் என்ற சேவல் விடியற்காலையில் கூவுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் கோர்ட்டுக்கே போனார். 2019-ல் சேவல் பக்கம் தீர்ப்பு வந்தது, 2021-ல் கிராமத்துச் சத்தமும் வாசனையும் அந்த ஊரின் சொத்து என்று தனிச் சட்டமே போட்டார்கள். சட்டம் இருந்தாலும் பக்கத்து வீட்டோடு மனஸ்தாபம் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். நம்ம புதுச்சேரி பாகூரில் நாலு மணிக்கு ஒரு சேவல் ஆரம்பித்தால் ஏரிக்கரை வரைக்கும் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லுமே, அது இல்லாத விடியல் எனக்கு இன்னும் பழகவில்லை.

செவலை போனது உனக்குத் தெரியும். ஆனால் எப்படிப் போனது என்று சொல்லவில்லை. நம்ம நாட்டுக்கோழி வருஷத்துக்கு அறுபது எழுபது முட்டை இட்டு, அடைக்கு உட்கார்ந்து, குஞ்சோடு திரிந்து நடுநடுவே உடம்பைத் தேற்றிக்கொள்ளும். இந்தச் சிவப்புக் கோழிகளை அடைக்கே உட்காராத மாதிரி உருவாக்கியிருக்கிறார்கள், முதல் வருஷம் முந்நூறு வரைக்கும் இடும். மூன்றாவது வருஷம் அதற்கு அடிவயிறு தண்ணீர்ப்பை போலத் தொங்கிவிட்டது, நிமிர்ந்து நின்று ஆடி ஆடி நடந்தது. முட்டைக்குழாயில் சீழ் வைத்துவிட்டது, இந்த இனத்துக்கு இது சகஜம் என்றார் டாக்டர். நம் வீட்டில் கோழிக்கு வயதாவதற்குள் குழம்புக்குப் போய்விடும், அதனால் வயதான கோழிக்கு என்னென்ன வரும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. செரி மரத்தடியில் புதைத்தோம். பாப்பா அதன்மேல் ஒரு பிடி நொய் வைத்தாள்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

நம்ம ஊரில் வருஷம் முழுக்க ஆறு மணி சுமாருக்குத்தான் இருட்டும். நீ விளக்கு வைத்துவிட்டுப் போய்ப் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே கல்லை வைப்பாய், அதில் ஒரு நாள் தவறியதில்லை. இங்கே ஜூனில் ஒன்பதரை வரை வெளிச்சம், டிசம்பரில் நாலரைக்கெல்லாம் இருட்டு. கோழி கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, மங்கியதும் தானாகக் கூட்டுக்குள் போய்க் கட்டையில் ஏறிவிடும். நான் வேலை முடிந்து ஆறு மணிக்கு வந்து கதவைச் சாத்துவேன். அந்த ஒன்றரை மணி நேரம் கதவு திறந்தே கிடந்தது, மூன்று குளிர்காலமாக. ஒன்றும் ஆகவில்லை, அதனால் ஒன்றும் ஆகாது என்று இருந்துவிட்டேன். பறவைக் காய்ச்சல் பயத்தால் போன குளிர்காலம் முழுக்கக் கோழிகளை வலைக்குள்தான் வைத்திருக்கச் சொன்னார்கள், நாங்களும் கட்டினோம். அது மேலேயிருந்து வருகிற காட்டுப் பறவைக்கு. அடியில் மண்ணைத் தோண்டி வருகிற நரியை அந்த வலை என்ன செய்யும்?

டிசம்பர் முதல் வாரம் அது. பனியில் பஸ் தாமதம். நான் வந்தபோது ஏழேகால். டார்ச் அடித்ததும் வெள்ளை இறகுகள்தான் முதலில் தெரிந்தன, சசெக்ஸ் கோழியுடையவை. இரண்டைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது, ஒன்றைக் கழுத்தைக் கடித்து அங்கேயே போட்டிருந்தது. மாரானில் ஒன்றான கருப்பியும் அல்சாஸ் கோழியும் உச்சிக் கட்டையில் ஒட்டிக்கொண்டு நின்றன, தொட்டால்கூட அசையவில்லை. நரியைச் சொல்லிக் குற்றமில்லை. கதவு என் பொறுப்பு.

அன்றைக்கு ராத்திரியே உனக்குப் போன் போட்டேன். ஃபெஞ்சல் புயலுக்கு ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டி, அது வடிவதற்குள் தென்பெண்ணைத் தண்ணீரும் சேர்ந்து வந்து, நீ அப்போதுதான் வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாய். சேறு அள்ளிய கையோடு போனை எடுத்து, எடுத்ததும் கோழியைத்தான் கேட்டாய். நான் எப்படிச் சொல்வேன்?

இன்னொரு காரணமும் உண்டு. தானே புயல் அடித்த அந்த டிசம்பர் 30, 2011. விடிந்து பார்த்தால் பலா மரம் கோழிக்கூட்டின் மேல் கிடந்தது. கூரை ஓடு பாதி இல்லை, அப்பா அதைப் பார்த்துப் பேச்சில்லாமல் நின்றார். நீ மட்டும் கொல்லையில் மழைக்குள் நின்று "பா பா பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். பதினொன்றில் ஒன்றுகூட வரவில்லை. ப்ளஸ் ஒன் படிக்கிற நான், "வீடே போச்சு, நீ கோழிக்கு அழுதுட்டு நிக்கற" என்று கத்தினேன். நீ திரும்பிப் பார்த்தாய், ஒன்றும் சொல்லவில்லை. அந்த முகம் டிசம்பரில் திரும்பத் திரும்ப வந்தது. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா. என்னை மன்னித்துவிடு.

இப்போது கதவு மாறிவிட்டது. அவர் வெளிச்சத்தைப் பார்த்துத் தானாக ஏறி இறங்குகிற கதவு ஒன்றை வாங்கி மாட்டினார், கூட்டைச் சுற்றி ஒரு முழ ஆழத்துக்குக் கம்பி வலையைப் புதைத்தோம். ஆனாலும் தினமும் இருட்டினதும் போய்க் கையால் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.

அப்புறம், கருப்பி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. மாரானுக்கு அந்தக் குணம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. கிட்டப் போனால் சிலிர்த்துக்கொண்டு உறுமுகிறது. சேவல் வைத்திருக்கிற ஒரு பெரியவரிடம் ஒன்பது முட்டை வாங்கி 6-ம் தேதி வைத்தேன். ஆயா வைப்பது போலவே வைக்கோலுக்கு அடியில் ஒரு இரும்பு ஆணியும் கரித்துண்டும் போட்டிருக்கிறேன், இடிக்கு என்பார்களே. நேற்று ஏழாம் நாள், இருட்டில் டார்ச் வைத்துப் பார்த்தேன். ஒன்று கூமுட்டை, எட்டில் நரம்பு ஓடுகிறது.

இருபத்தோராம் நாள் 27-ம் தேதி வருகிறது, ஞாயிற்றுக்கிழமை. முதல் ரெண்டு நாள் குஞ்சுக்கு நீ என்ன கொடுப்பாய்? நொய்யை அப்படியே போடலாமா, வேகவைத்தா? மஞ்சள் தண்ணீர் வைப்பாயே, எவ்வளவு மஞ்சள் என்று ஆயாவிடம் கேட்டுச் சொல். குஞ்சுக்குப் போடக் கரையான் இங்கே கிடைக்காது. அன்றைக்கு உங்கள் நேரம் மதியம் மூன்றுக்குப் போன் போடுகிறேன், இந்தத் தடவை போனைக் கூட்டுக்குள்ளேயே கொண்டுபோய்க் காட்டுகிறேன்.

அன்புடன்,
உன் பெரிய பொண்ணு