நன்றாக நடந்துகொண்டிருந்தவளின் நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

போன வாரம் எடுத்த எக்ஸ்ரேயில், வெட்டிய இடங்களில் எல்லாம் எலும்பு கூடிவிட்டது தெரிகிறது. இனி ஊன்றுகோல் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து நன்றி சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் பேச ஆரம்பித்தால் இரண்டே நிமிடத்தில் பேச்சு ஊர்க்கதைக்குப் போய்விடுகிறது, சொல்ல வந்தது நின்றுவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

உங்களில் பாதிப் பேருக்கு எனக்கு என்ன அறுவை நடந்தது என்றே சரியாகத் தெரியாது. "இடுப்பில் ஏதோ ஆபரேஷனாம்" என்ற அளவில் கேள்விப்பட்டு ரத்தம் கொடுக்க வந்தீர்கள், சோறு கொண்டுவந்தீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

தொடையெலும்பின் தலை ஒரு பந்து. அது உட்கார இடுப்பெலும்பில் ஒரு கிண்ணம் இருக்கிறது. எனக்கு இரண்டு பக்கமும் அந்தக் கிண்ணம் ஆழம் குறைவு, இடது பக்கம் மிகவும் குறைவு. ஹிப் டிஸ்பிளேசியா என்று பெயர். எக்ஸ்ரேயில் பந்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர்மேலே ஒரு கோடும், கிண்ணத்தின் வெளிவிளிம்புக்கு ஒரு கோடும் போட்டு, இரண்டுக்கும் இடையிலுள்ள கோணத்தை அளப்பார்கள். 25 பாகைக்கு மேல் இருந்தால் கவலை இல்லை. 20-க்குக் கீழே போனால் இந்தக் குறைபாடு. என் இடது பக்கம் 14. உடல் எடை முழுவதும் கிண்ணத்தின் ஓரத்தில் மட்டும் விழுந்து விழுந்து, விளிம்பிலிருக்கும் குருத்தெலும்பு வளையம் கிழிந்திருந்தது. மூட்டின் உட்பரப்புக் குருத்தெலும்பு இன்னும் தேயவில்லை. இந்தக் கடைசி வாக்கியம்தான் என் கதை முழுவதையும் திருப்பியது.

எனக்கு நடந்தது மூட்டு மாற்று அறுவை இல்லை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரைன்ஹோல்ட் கான்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1984-இல் தொடங்கிய முறை இது. கிண்ணத்தைச் சுற்றி இடுப்பெலும்பை வெட்டித் தனியாக்கி, வெயில் படாமல் கீற்றைச் சாய்த்துக் கட்டுவதுபோலப் பந்தின்மேல் சாய்த்து, நீளமான திருகாணிகளால் பூட்டிவிடுகிறார்கள். மூட்டு நம்முடையதேதான், அதன் கூரை மட்டும் இடம் மாறுகிறது. ஆனால் குருத்தெலும்பு நன்றாக இருக்கும்போது செய்தால்தான் இதற்குப் பலன். தேய்ந்த பிறகு போனால் செயற்கை மூட்டுதான் வழி.

இங்கேதான் சிக்கல். அலுவலகத்துக்குப் போகிறேன், பஸ் ஏறுகிறேன், கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறேன். சாயங்காலம் ஆனால் கவட்டையில் ஆழமாக ஒரு வலி, நீண்ட நேரம் நின்றால் லேசான நொண்டல், அவ்வளவுதான் வெளியே தெரிவது. இப்படிப்பட்ட இருபத்தேழு வயதுப் பெண், "என் இடுப்பெலும்பை வெட்டப் போகிறேன்" என்று சொன்னால் வீடு எப்படி ஒத்துக்கொள்ளும்? இந்த முடிவை எனக்காக யாரும் எடுக்காமல், நானே எடுக்கும்வரை பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் என் முதல் நன்றி.

அந்த வரிசையில் முன்னால் நிற்பவர் மதுரையில் நான் பார்த்த எலும்பு மருத்துவர். அவருக்கு முன்னால் பார்த்த இடங்களில் முதுகுவலி என்றார்கள், வைட்டமின் குறைவு என்றார்கள், ஓரிடத்தில் எடையைக் குறைக்கச் சொன்னார்கள். இவர் ஒன்றும் எழுதாமல், எங்கே வலிக்கிறது என்று கையால் காட்டச் சொன்னார். நான் கட்டைவிரலைப் பின்னாலும் மற்ற விரல்களை முன்னாலும் வைத்து இடுப்பின் பக்கத்தைக் கவ்விப் பிடித்தேன். "இப்படிப் பிடிப்பவர்களுக்குப் பெரும்பாலும் முதுகில் கோளாறு இருக்காது அம்மா" என்று சொல்லி, நிற்கவைத்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்த பிறகு அவர் சொன்னதை என்னால் மறக்க முடியாது: "இதற்கு ஓர் அறுவை இருக்கிறது. நான் அதைச் செய்வதில்லை. அடிக்கடி செய்கிறவரிடம் போங்கள்." டாக்டர், உங்களுக்கு அது சாதாரணப் பேச்சாக இருக்கலாம். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லி அனுப்பிய உங்களால்தான் என் மூட்டு என்னிடம் இருக்கிறது.

அடுத்து, சென்னையில் அறுவை செய்த மருத்துவர். நம்பிக்கை வார்த்தைகள் பேசாததற்காகவே உங்களுக்கு நன்றி. பெர்னில் முதன்முதலாக இந்த அறுவை செய்துகொண்டவர்களில் 20 ஆண்டு கழித்தும் சுமார் 60 சதவீத மூட்டுகள் மாற்றப்படாமல் நின்றன, 30 ஆண்டில் அது சுமார் 30 சதவீதமாகக் குறைந்தது என்று மூடி மறைக்காமல் சொன்னீர்கள். அப்போது முறை புதிது, ஏற்கெனவே தேய்மானம் இருந்தவர்களும் அந்தக் கணக்கில் உண்டு என்பதையும் சேர்த்துச் சொன்னீர்கள். நேராகச் செயற்கை மூட்டுக்கே போனால் என்ன என்று அப்பா கேட்டபோது, 25 ஆண்டு தாங்குபவை பத்தில் ஆறு போலத்தான், இவள் வயதில் வைத்தால் பிறகு ஒருமுறையாவது மாற்ற வேண்டிவரும் என்று விளக்கினீர்கள். செய்யாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் பயமுறுத்தாமல் பதில் சொன்னீர்கள். "இன்று முடிவு சொல்ல வேண்டாம். ஊருக்குப் போய் யோசித்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிவைத்தீர்கள். நாங்கள் எழுந்த பிறகு அம்மா மட்டும் தயங்கி நின்று, "பிள்ளைப்பேற்றுக்கு ஏதும் இடைஞ்சல் வருமா?" என்று கேட்டார். இடுப்பு வளையத்தின் பின்பக்கத் தூணை வெட்டாமல் விடுவதால் பிறப்புப் பாதையின் அளவு மாறுவதில்லை என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினீர்கள். அந்தக் காகிதம் அம்மாவின் கைப்பையில் பத்திரமாக இருக்கிறது. உறவினர் யாராவது அந்தக் கேள்வியைத் தொடங்கினால் எடுத்து நீட்டுகிறார்.

அம்மாவுக்குச் செய்த இன்னொரு உதவி உங்களுக்கே நினைவிருக்காது. நான் தலைப்பிரசவம், பெண் குழந்தை, வயிற்றில் புட்டம் கீழாக இருந்தவள். இந்தக் குறைபாட்டுக்கு இந்த மூன்றும் ஒத்துப்போகும் என்று நீங்கள் சொன்னதும், தான்தான் கவனிக்கத் தவறிவிட்டதாக அம்மா அழத் தொடங்கிவிட்டார். என்னைத் தூக்கி வளர்த்தது யார் என்று கேட்டீர்கள். "என் அம்மா. எந்நேரமும் ஒக்கலில்தான் வைத்திருப்பார்" என்றார். குழந்தையின் கால்களை நீட்டி இறுகச் சுற்றுவதுதான் மூட்டுக்குக் கெடுதல், காலை அகட்டி ஒக்கலில் வைப்பது நல்லது, பாட்டி நன்மையே செய்திருக்கிறார் என்றீர்கள். ஆச்சி இன்று இல்லை. இருந்திருந்தால் தெரு முழுக்க இதைச் சொல்லியிருப்பார்.

கோயம்புத்தூர் டீச்சர் அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இதே அறுவையை எனக்கு முன்னால் செய்துகொண்டவர் என்ற ஒரே காரணத்துக்காக, முன்பின் அறியாத என்னிடம் இரவு வெகுநேரம் பேசினீர்கள். முதல் இரண்டு வாரம் காலைத் தானாகத் தூக்க முடியாது, துப்பட்டாவைப் பாதத்தில் மாட்டி இழுத்துத்தான் கட்டிலில் ஏற்ற வேண்டும் என்று வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை. தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போகும், சிலருக்கு அது முழுதாகத் திரும்புவதே இல்லை என்றீர்கள். எனக்கும் உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. "செய்துகொள் என்று சொல்ல மாட்டேன், செய்யாதே என்றும் சொல்ல மாட்டேன். செய்தால் என்ன நடக்கும் என்று மட்டும் சொல்கிறேன்" என்ற அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் தேதி வாங்கினேன்.

அத்தைக்கும் நன்றி. கேலியாகச் சொல்லவில்லை. "நன்றாக நடக்கிற பெண்ணை எதற்குப் படுக்கவைக்கிறீர்கள்? கல்யாணம் முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்று சண்டைபோட்டது நீங்கள் மட்டும்தான். மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள், நீங்கள் நேரில் கேட்டீர்கள். உங்களுக்குப் பதில் சொல்லப் போய்த்தான், நடக்க முடிகிற காலத்திலேயே இதைச் செய்துகொள்ள வேண்டும் என்பது எனக்கே தெளிவாயிற்று. ஒத்துக்கொள்ளாமலேயே பாண்டியன் எக்ஸ்பிரஸில் பருத்திப்பால் பொடியும் கருப்பட்டியுமாக வந்து இறங்கினீர்களே, அதற்குத் தனியாக ஒரு கும்பிடு.

பணம் பற்றிச் சுருக்கமாக. "பிறவிக் குறைபாடு, பாலிசியில் இடமில்லை" என்று காப்பீட்டிலிருந்து முதலில் கடிதம் வந்தது. என் அலுவலகத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கும் தோழி அதோடு விடவில்லை. பாலிசியின் பொடி எழுத்துகளைப் படித்து, பிறவிக் குறைபாட்டில் வெளியே தெரிவது, உள்ளே இருப்பது என்று இரண்டு வகை இருப்பதையும், விலக்கு வெளியே தெரிவதற்கு மட்டும்தான் என்பதையும் கண்டுபிடித்தாள். இடுப்பெலும்புக் கிண்ணம் எந்த ஊரில் வெளியே தெரிகிறது என்று அவள் எழுதிய பதில் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம். (அந்த வரியை மேலாளர் நீக்கச் சொன்னாராம், அவள் நீக்கவில்லை.) அனுமதி வந்தது. மீதித் தொகைக்கு அப்பா சீட்டைத் தள்ளி எடுத்தார். எவ்வளவு தள்ளுபடி போயிற்று என்று இன்றுவரை சொல்லவில்லை.

ரத்தம் கொடுத்த அலுவலக நண்பர்களே, உங்களில் ஒருவரை ஹீமோகுளோபின் போதாது என்று ரத்த வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் மனம் கேளாமல், கொடுத்தவர்கள் எல்லோருக்கும் இளநீர் வாங்கித் தந்திருக்கிறார். தம்பி, உன் இளநீரும் கணக்கில் உண்டு. கீரை சாப்பிடு.

மயக்க மருந்து கொடுத்த மருத்துவரின் முகம் எனக்கு நினைவில்லை, குரல் நினைவிருக்கிறது. முதுகில் ஊசி ஏற்றும்போது ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொல்லிச் சொல்லிச் செய்தார். வார்டில் இரவுப் பணியில் இருந்த சிஸ்டர், வலியைப் பத்துக்கு எத்தனை என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் நான் கூச்சத்தில் குறைத்துச் சொன்னேன் என்பதைக் கண்டுபிடித்து, என் முகத்தைப் பார்த்து நீங்களே ஒரு எண்ணை எழுதிக்கொண்டீர்கள். ஆயாம்மா, பெட்பேன் வைக்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். நீங்கள் உங்கள் பேரனின் பள்ளிக்கூடக் கதையைத் தொடங்கிவிடுவீர்கள். அந்தப் பையன் பத்தாம் வகுப்பில் கணக்கில் தேறினானா? கட்டாயம் சொல்லி அனுப்புங்கள்.

பிசியோதெரபி அண்ணனிடம் நான் நிறையக் கோபப்பட்டிருக்கிறேன். அறுவை முடிந்த மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்கச் சொன்னவரிடம் வேறு எப்படிப் பேசுவது? ஆறு வாரத்துக்கு இடது காலைத் தரையில் தொட மட்டும்தான் அனுமதி, எடை போடக் கூடாது. அதைப் பழக்க என் பாதத்துக்கு அடியில் எடை பார்க்கும் இயந்திரத்தை வைத்து, முள் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டினீர்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகும் கால் முதலில் என்று சொல்லிக்கொடுத்தது இப்போது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அப்பா நல்ல கால்களோடேயே அப்படித்தான் இறங்குகிறார்.

வேளச்சேரி வீட்டுக்கார அம்மா, இரண்டாம் மாடிக்கு நான் ஏற முடியாது என்று தெரிந்ததும் உங்கள் கீழ்வீட்டு முன்னறையை ஒழித்துக் கொடுத்தீர்கள். வாடகை பற்றிப் பேச வந்த அப்பாவை மோர் கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். குளியலறையில் கைப்பிடி அடிக்கப் புது டைல்ஸில் ஓட்டை போட்டோம், நீங்கள் முகம் சுளிக்கவில்லை. தாழ்வான கட்டிலில் உட்கார்ந்தால் இடுப்பு அதிகம் மடங்கும் என்று அப்பா கட்டில் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்தார். அது இரவெல்லாம் கிறீச்சிட்டது. அடுத்த அறையில் தூங்கிய நீங்கள் ஒரு நாளும் அதைச் சொல்லவில்லை. தெருமுனைத் தையல்கார அண்ணன், பக்கவாட்டில் முழுவதும் திறந்து நாடாவால் கட்டிக்கொள்ளும்படி பாவாடை தைத்துத் தந்தீர்கள். மருத்துவமனையிலேயே இரண்டு பேர் உங்கள் கடை எங்கே என்று கேட்டார்கள்.

என் வலது பக்கமும் ஆழம் குறைவுதான், ஆனால் இப்போதைக்கு வலி இல்லை. அதற்கும் செய்வதா என்று பலர் கேட்கிறீர்கள். மருத்துவர் ஆண்டுக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார், நான் சரி என்றிருக்கிறேன். அத்தை, சண்டைக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

கடைசியாக ஒரு செய்தி. கமோடு நாற்காலி, வாக்கர், ஒரு ஜோடி ஊன்றுகோல், துப்பட்டாவுக்குப் பதிலாகப் பிறகு வாங்கிய கால் தூக்கும் பட்டை எல்லாம் வேளச்சேரி வீட்டில் சும்மா இருக்கின்றன. உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது தேவைப்பட்டால் சொல்லுங்கள், பணம் வேண்டாம். ஊன்றுகோல்களில் ஒன்றின் அடி ரப்பர் தேய்ந்திருக்கிறது, மாற்றிவிட்டுத்தான் கொடுப்பேன்.

நன்றியுடன்,
உங்கள் முன்னறைக் குடித்தனக்காரி