சனிக்கிழமை கஞ்சி ஊழியம்

அன்பானவர்களே, ஸ்தோத்திரம்.

சனிக்கிழமை காலை 6 மணிக்கு ஆலய வளாகத்துக்கு வந்துவிடுங்கள். அரசு மருத்துவமனை பிரசவ வார்டு வாசலில் காத்திருப்பவர்களுக்குக் கஞ்சி கொண்டுபோகிறோம். டம்ளர் போதாது, வீட்டில் இருப்பதைக் கொண்டுவாருங்கள்.

இந்த முறை போட்டோ எடுக்க வேண்டாம். போன தடவை நான் எடுத்தபோது ஒரு அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். இன்னும் மனசு உறுத்துகிறது. ஆண்டவர் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவினாரே (யோவான் 13), காட்டிக்கொடுக்கப்போகிற யூதாசும் அந்தப் பந்தியில்தான் இருந்தான். அதனால் வரிசையில் நிற்பவரிடம் யார், எந்த ஊர், எந்தச் சபை என்று கேட்காதீர்கள். வயதானவர்களுக்கு உட்கார்ந்த இடத்திலேயே கொடுங்கள்.

வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா 1900-இல் ஒரே ஒரு கட்டிலோடு மருத்துவ ஊழியத்தைத் தொடங்கினார். நமக்கு ஒரு அண்டா இருக்கிறது.

அண்டா கழுவ இரண்டு பேர் வேண்டும். நான் ஒருவன், இன்னொருவர் இன்று இரவுக்குள் சொல்லுங்கள்.