செயலாளர் ஆண்டறிக்கை: சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையும் மூத்தோர் ஒன்றுகூடலும்

தலைவருக்கும் நிர்வாகசபையினருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வாணி விழா, பொங்கல், விளையாட்டுப் போட்டி மூன்றும் நடந்தன. விளையாட்டுப் போட்டியன்று வழக்கம்போல் மழையும் வந்தது. படங்கள் வாட்சப் குழுவில் கிடக்கின்றன. இந்த ஆண்டு எங்கள் நேரத்தில் பாதியை விழுங்கியது வேறொரு விடயம். அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

மண்டப வாடகையைப் புதுப்பிக்கக் கேட்டபோது, "உங்கள் பாதுகாப்புக் கொள்கையை அனுப்புங்கள்" என்று இங்கே இங்கிலாந்தில் உள்ளூராட்சியை நடத்தும் கவுன்சிலிலிருந்து மின்னஞ்சல் வந்தது. நாங்கள் காப்புறுதிப் பத்திரத்தை அனுப்பிவைத்தோம். அவர்கள் கேட்டது சேஃப்கார்டிங். பிள்ளைகளும், தம்மைத் தாமே காத்துக்கொள்ள முடியாத பெரியவர்களும் துன்புறுத்தப்படாமல் பார்த்துக்கொள்ள நாங்கள் என்ன செய்கிறோம் என்பது. இத்தனை வருடம் பாடசாலை நடத்தியும் எங்களிடம் எழுத்தில் ஒரு பக்கம்கூட இருக்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

பிறகு கவுன்சில் அலுவலர் ஒருவர் வந்து இரண்டு மணிநேரம் விளக்கினார். கேள்வி நேரத்தில் முன்வரிசையில் இருந்த ஐயா ஒருவர் எழும்பி, "தம்பி, இது எங்கட சனத்தைக் காட்டிக் குடுக்கிற வேலையெல்லோ?" என்று என்னிடம் கேட்டார். மண்டபம் கப்சிப். அந்தச் சொல்லின் கனம் எங்களுக்குத் தெரியும், மொழிபெயர்த்துச் சொன்னபோது அலுவலருக்கு அது விளங்கியதோ தெரியாது. ஆனால் அவர் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது. லண்டன் ஹாரிங்கேயில் 2000 பெப்ரவரியில் இறந்த விக்டோரியா கிளிம்பியேயின் கதையைச் சொன்னார். நல்ல படிப்புக் கிடைக்கும் என்று ஐவரி கோஸ்டிலிருந்து பெற்றோர் உறவுக்காரப் பெண்ணை நம்பி அனுப்பிய பிள்ளை. வயது 8. ஆஸ்பத்திரி, பொலிஸ், கவுன்சில் எல்லாரும் ஒவ்வொரு துண்டைக் கண்டார்கள், ஒருவரும் துண்டுகளைச் சேர்த்துப் பார்க்கவில்லை. 2003இல் லோர்ட் லேமிங்கின் விசாரணை அறிக்கை வந்தது, அடுத்த ஆண்டு சட்டமே மாறியது. இன்று பல கவுன்சில்களில் சமூக சேவையாளரும் பொலிசும் சுகாதாரத் துறையும் சேர்ந்து இயங்கும் 'மாஷ்' என்ற பிரிவு இருக்கிறது. நாங்கள் அழைத்துச் சொன்னால், அடுத்து என்ன செய்வது என்று ஒரு வேலை நாளுக்குள் முடிவெடுக்கவேண்டும்.

"சோசல் சேர்விஸ் வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடும்" என்ற பயம் எங்களில் பலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது. பெற்றோர் சம்மதிக்காவிட்டால் நீதிமன்ற ஆணை வேண்டும். உடனடி ஆபத்தென்றால் பொலிஸ் 72 மணிநேரம்வரை பாதுகாப்பில் வைக்கலாம். கவுன்சில்காரர் நினைத்தபாட்டுக்குத் தூக்க முடியாது. 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 47ஆம் பிரிவு, பிள்ளைக்குப் பெரிய தீங்கு நடக்கிறது என்ற சந்தேகம் வந்தால் கவுன்சிலை விசாரிக்கச் சொல்கிறது. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, உதவி தேவைப்படும் பிள்ளைக்கு உதவி செய்யச் சொல்கிறது. அந்தப் பிரிவை எங்கள் ஆட்கள் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

எல்லாரையும் தடுமாற வைத்தது சித்தப்பா விவகாரம். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை பெற்றோரோ நெருங்கிய உறவினரோ அல்லாதவரிடம் 28 நாளோ அதற்கு மேலோ தங்கினால் கவுன்சிலுக்கு அறிவிக்கவேண்டும். பாட்டன் பாட்டி, கூடப்பிறந்தவர்கள், மாமா, சித்தப்பா, மாமி போன்றவர்கள் நெருங்கிய உறவு. சரி, எங்களுக்குச் சித்தப்பா என்றால் யார்? அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பியும் சித்தப்பாதான். சட்டத்துக்கு அவர் வெளியாள்! பாடசாலைப் பிள்ளை ஒருவர் பல மாதமாக இப்படியொரு சித்தப்பா வீட்டில் இருந்தார். குடும்பம் தயங்கித் தயங்கித்தான் அறிவித்தது. சமூக சேவையாளர் வந்து படுக்கையறையைப் பார்த்தார், பிள்ளையோடு தனியே பேசினார். சித்தியின் இடியப்பம் பிடிக்கும், சொதி பிடிக்காது என்று பிள்ளை சொன்னாராம். முதல் வருடம் குறைந்தது ஆறு வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

மூத்தோர் ஒன்றுகூடலிலும் ஒன்று நடந்தது. சம்பந்தப்பட்ட அம்மாவின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். யாரென்று தேடவேண்டாம். ஒவ்வொரு முறையும் மட்டன் ரோல்ஸ் இரண்டைத் துடைதாளில் சுற்றிக் கைப்பையில் வைப்பார். பேரப்பிள்ளைக்காக்கும் என்று நினைத்தோம். அவருடைய இரவுச் சாப்பாடு அது. பென்ஷன் காசும் பாங்க் கார்டும் வீட்டிலுள்ள வேறொருவர் கையில். 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவின் கீழ் கவுன்சில் விசாரித்தது. பேரனை மொழிபெயர்க்க விடாமல் தொலைபேசியில் உரைபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். முதலில் கேட்டதே "உங்களுக்கு என்ன நடக்கவேண்டும்?" என்றுதான். "ஒருத்தரையும் பொலிசில குடுக்கக்கூடாது, என்ர காசு என்ர கையில வேணும்" என்றார். அப்படியே நடந்தது. இப்போது ரோல்ஸை மேசையிலேயே சாப்பிடுகிறார்.

எங்கள் பிழையையும் பதிவு செய்யவேண்டும். தொண்டாசிரியர் ஒருவர் மாணவரின் தலையில் குட்டினார். 'எங்கள் காலத்தில் குட்டு வாங்காமலா படித்தோம்' என்று நாங்களும் பெற்றோரோடு பேசித் தீர்த்துவிட்டோம். இப்படியான முறைப்பாட்டை ஒரு வேலை நாளுக்குள் பிள்ளைகளோடு வேலை செய்பவர்கள்மீதான முறைப்பாடுகளைக் கவனிக்கும் 'லாடோ' எனப்படும் கவுன்சில் அலுவலரிடம் சொல்லியிருக்கவேண்டும். சொல்ல மூன்று வாரம் ஆனது. அந்தத் தாமதத்துக்குப் பொறுப்பு நான்.

பாதுகாப்புக் கொள்கை இப்போது தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிவித்தல் பலகையில் இருக்கிறது. பொறுப்பாளராக ஆசிரியர் ஒருவரை நியமித்திருக்கிறோம். ஆசிரியர்களில் மூவருக்கு மட்டும் குற்றப் பின்னணியைச் சோதித்துத் தரும் டிபிஎஸ் சான்று இன்னும் முடியவில்லை. தொண்டர்களுக்கு அதற்குக் கட்டணம் இல்லை என்று பலமுறை சொல்லியாகிவிட்டது. அந்த மூவரும் அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் கடவுச்சீட்டோடும் முகவரி உள்ள கடிதத்தோடும் அலுமாரிப் பக்கம் வரவும். போனில் எடுத்த படம் சரிவராது.

செயலாளர்