அப்பா எத்தனை படி ஏறுவார்?

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது, திட்டாதே. அப்பாவைத் தம்பி வீட்டுக்குக் கூட்டிப் போகிறாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். ஆனால் அடுத்த வரியிலேயே "டிக்கெட் போட்டாச்சு, மத்ததை ஏர்போர்ட்டில் பார்த்துக்கலாம்" என்று எழுதியிருந்தாயே, அதைப் பார்த்ததும் பக்கென்றது. நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன்.

என் வீட்டுக்காரருக்கு விபத்து நடந்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. டிக்கெட் போடும்போது 'வீல்சேர் தேவை' என்ற கட்டத்தில் ஒரு டிக் அடித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். அவர்கள் கணக்கில் வீல்சேர் மூன்று வகை என்பது யாருக்குத் தெரியும்! படி ஏறுவார், உள்ளே நடப்பார், நீண்ட தூரம் மட்டும் முடியாது என்றால் டிக்கெட்டில் டபிள்யூசிஎச்ஆர் என்று குறியீடு போடுவார்கள். படி ஏற முடியாது, ஆனால் சீட் வரை மெல்ல நடந்துவிடுவார் என்றால் கடைசி எழுத்து எஸ். காலே ஊன்ற மாட்டார், சீட்டில் தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டும் என்றால் சி. எங்களுக்கு விழுந்திருந்தது முதல் வகை. விமானமோ தூரத்தில் நின்றது, பஸ்ஸில் போய்ப் படிக்கட்டில் ஏற வேண்டும். லிஃப்ட் வண்டியைத் தேடி எடுத்து வருவதற்குள் எல்லாரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அப்புறம் இவரை ஒரு ஒல்லியான நாற்காலியில், மார்பிலும் தொடையிலும் பட்டை போட்டுக் கட்டி, கைகளை மடித்துக்கொள்ளச் சொல்லி, இரண்டு பக்கமும் சீட்களில் இடித்தபடி உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அத்தனை கண்களும் இவர் மேல்தான். இவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்கூட்டிச் சரியாகச் சொல்லியிருந்தால் முதல் ஆளாக ஏற்றியிருப்பார்கள், அந்தப் பார்வையெல்லாம் இருந்திருக்காது.

அதனால்தான் சொல்கிறேன், என்ன முடியும் என்று அப்பாவிடம் கேட்காதே. "எனக்கென்ன, நான் நடப்பேன்" என்றுதான் சொல்வார், அவரை எனக்குத் தெரியாதா! மாடிப்படி ஏறும்போது சும்மா பக்கத்தில் நின்று பார். எத்தனையாவது படியில் மூச்சு வாங்குகிறார், கைப்பிடியை எப்போது பிடிக்கிறார் என்று எண்ணிக்கொள். விமான நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டிய கணக்கு அதுதான். நல்ல நாளில் எப்படி இருக்கிறார் என்று சொல்லாதே, மோசமான நாளில் எப்படி இருப்பார் என்று சொல்.

கிளம்புவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பாவது தகவல் போயிருக்க வேண்டும். ஐரோப்பாவில் அந்த 48 மணி சட்டத்திலேயே இருக்கிறது, உதவிக்குக் காசும் கேட்கக் கூடாது. அதற்காகக் கடைசி நாள் வரை காத்திருக்காதே, இன்றைக்கே சொல். போனில் சொன்னால் மட்டும் போதாது, எழுத்தில் பதில் வாங்கிவை. நீ வாங்கியிருப்பது நடுவில் விமானம் மாறும் டிக்கெட் என்றாய். இரண்டாவது விமானம் வேறு நிறுவனத்துடையது என்றால் அவர்களிடமும் தனியாகக் கேட்டுவிடு, முதல் நிறுவனத்தில் சொன்னது அங்கே போய்ச் சேரும் என்று நம்பாதே. வீல்சேரில் வருகிறவர்களைப் பெரும்பாலும் கடைசியாகத்தான் இறக்குவார்கள், அதனால் மாறுகிற இடத்தில் ஒன்றரை மணி நேரம் போதவே போதாது. மூன்று மணி நேரம் கிடைக்கிற மாதிரி மாற்றிக் கேள்.

அப்பாவின் நுரையீரல் விஷயம்தான் எனக்கு இதைவிடப் பெரிய கவலை. விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது, 6000 முதல் 8000 அடி உயர மலையில் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான். நமக்கே ரத்தத்தில் ஆக்சிஜன் கொஞ்சம் இறங்கும், நாம் கவனிக்க மாட்டோம், அவ்வளவுதான். தரையிலேயே குறைவாக இருப்பவருக்கு அது விளையாட்டு இல்லை. 15 சதவீத ஆக்சிஜன் உள்ள காற்றைச் சுவாசிக்க வைத்து, மேலே போனால் எவ்வளவு இறங்கும் என்று பார்க்கிற பரிசோதனை ஒன்று உண்டு, அது தேவையா என்று நுரையீரல் மருத்துவரிடம் கேள். பயணம் செய்யலாமா என்று பார்க்க விமான நிறுவனம் கேட்கிற 'மெடிஃப்' என்று ஒரு மருத்துவப் படிவம் இருக்கும், அதையும் அவரே நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆக்சிஜன் தேவை என்றால் வீட்டுச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய் நிற்காதே, பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற, கையில் எடுத்துப் போகிற கான்சன்ட்ரேட்டர் கருவியைத்தான் அனுமதிப்பார்கள், அதுவும் எந்த மாடல் என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். பேட்டரி பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு வேண்டும் என்று கேட்கிற நிறுவனங்கள் உண்டு. 8 மணி நேரப் பயணத்துக்கு 12 மணி நேரம் என்று வைத்துக்கொள், காத்திருக்கிற நேரத்துக்குத் தனியாக.

மருந்து எல்லாம் கைப்பையில்தான், பெட்டியில் போடவே போடாதே. பெட்டி தொலைந்தால் போச்சு, அதோடு இன்சுலின் கீழே சரக்கு அறையில் உறைந்துவிடலாம், உறைந்தது உதவாது. டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டை மருந்துகளோடேயே வை. தம்பி இருக்கிற நாட்டில் எந்த மருந்துக்குத் தடை என்றும் பார்த்துவிடு. ஜப்பானில் சாதாரணச் சளி மாத்திரையில்கூட சூடோஎபெட்ரின் என்கிற மூக்கடைப்பு மருந்து 10 சதவீதத்தைத் தாண்டினால் எடுத்துப் போக முடியாது.

அப்புறம் டாய்லெட். யாரும் வாய்விட்டுப் பேசமாட்டார்கள், நான் பேசுகிறேன். சிறிய விமானங்களில் நாற்காலி டாய்லெட் கதவு வரைதான் போகும், உள்ளே பணிப்பெண்கள் உதவ மாட்டார்கள், அது அவர்கள் வேலையும் இல்லை. இதற்குப் பயந்து இவர் முதல் நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்தார், எனக்குத் தெரியவே தெரியாது. இறங்கும்போது உதடு வெடித்து, தலை சுற்றி... அதை ஏன் கேட்கிறாய். 4 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பயணம் செய்தால் காலில் ரத்தம் உறைகிற ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இலேயே சொல்லியிருக்கிறது. அப்பா தண்ணீர் குடிக்கட்டும், டாய்லெட் பக்கமாக சீட் கேள், டயப்பர் வேண்டுமென்றால் கௌரவம் பார்க்க வேண்டாம் என்று நீயே பேசிவிடு. அமெரிக்காவில் 2023இல் சிறிய விமானங்களுக்கும் வசதியான டாய்லெட் வேண்டும் என்று விதி போட்டார்கள், ஆனால் 2033க்குப் பிறகு ஆர்டர் செய்கிற விமானங்களுக்குத்தானாம். அப்பாவுக்கு அப்போது தொண்ணூறு ஆகியிருக்கும்!

அப்பாவுக்குச் சொந்த நாற்காலி இல்லை, ஒரு தலைவலி குறைவு. இவருடைய மின்சார நாற்காலி ஒரு தடவை ஜாய்ஸ்டிக் உடைந்து தொங்கிக்கொண்டு வந்தது, நான்கு நாள் வாடகை நாற்காலியில் ஓட்டினோம். இப்போதெல்லாம் கழற்ற முடிந்ததைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறோம், நாலு பக்கமும் போட்டோ எடுத்துவைக்கிறோம், பிரேக்கை எப்படி விடுவிப்பது என்று பெரிய எழுத்தில் எழுதி முதுகில் ஒட்டிவிடுகிறோம். சுமை ஏற்றுகிற பையனுக்கு அந்த நாற்காலியைப் பற்றி என்ன தெரியும், பாவம்.

சரி, நீ முதலில் மருத்துவரைப் பார். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறேன், அப்பா எத்தனை படி ஏறினார் என்று அன்றைக்குச் சொல். நீ கேட்டதையல்ல, பார்த்ததை.

அன்புடன்,
வசந்தி