டீக்கடையில் பிடிபட்ட பக்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திருநெல்வேலியில் நீ கூட்டிய புரோகிராமர் சந்திப்புக்கு ஆறே பேர்தான் வந்தார்கள், அதிலும் ஒருவர் "சர்டிஃபிகேட் உண்டா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார் என்று புலம்பியிருந்தாய். சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

போன மாதம் நான்காம் சனிக்கிழமை சென்னைபை கூட்டத்துக்கு, அதாவது பைத்தான் மொழியில் புரோகிராம் எழுதுகிறவர்களின் சந்திப்புக்கு, போயிருந்தேன். பேச்சில் பாதி புரியவில்லை. முடிந்ததும் டீக்கடையில் நின்றோம் பார், அங்கேதான் விஷயம். மூன்று நாளாக என் புரோகிராமில் ஒரு பக், அதாவது பிழை, என்னைப் படுத்திக்கொண்டிருந்தது. என் லேப்டாப்பில் ஓட்டினால் நேரம் ஐந்தரை மணி பின்னால் பதிவாகிறது, சர்வரில் ஓட்டினால் சரியாக இருக்கிறது. டைம்ஸோன் கோளாறு என்று தெரியும், எந்த வரி என்று தெரியவில்லை. உள்ளே வாயே திறக்காத ஒரு கல்லூரிப் பையன் வடையைப் பிட்டுக்கொண்டே, "யூடிசிநவ் போட்டிருக்கீங்களாண்ணா?" என்றான். போட்டிருந்தேன்! பைத்தானில் இப்போது மணி என்ன என்று கேட்கும் கட்டளை அது. கிரீன்விச் நேரத்தைத் தரும், ஆனால் கிரீன்விச் என்ற முத்திரை இல்லாமல். அடுத்த வரியில், நேரத்தை எண்ணாக மாற்றும் டைம்ஸ்டாம்ப் கட்டளை அதை நம்மூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. சர்வரே யூடிசியில், அதாவது அந்தக் கிரீன்விச் நேரத்தில், ஓடுவதால் அங்கே குட்டு வெளிப்படவில்லை. பைத்தான் 3.12 வந்தபோதே யூடிசிநவ்வைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். நான் இன்னும் 3.10-இல் இருப்பதால் எச்சரிக்கைகூட வரவில்லை.

இணையத்தில் தேடவில்லையா என்பாய். தேடினேன், சர்வர் செட்டிங் பற்றி! கேள்வியே தப்பு. நேரில் புலம்பினால்தான் எதிரில் நிற்பவன் நாம் சொல்லாமல் விட்டதைத் தோண்டுகிறான்.

நீயும் அப்படிப் புலம்ப வந்தவன்தானே? ஐஐடி வளாகத்தில் இரண்டாம் சனிக்கிழமை லினக்ஸ் கூட்டத்துக்கு, சவுண்ட் கார்டு பாடவில்லை என்று சிபியுவையே பஸ்ஸில் தூக்கி வந்தவன் நீ. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டது ஞாபகம் இருக்கிறதா?

அப்புறம், 1975 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு கார் ஷெட்டில் கூடியதுதான் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப். அங்கே போய்வந்த சூட்டில்தான் ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான வாஸ்னியாக் ஆப்பிள் 1 கம்ப்யூட்டரை வடிவமைத்தார், சர்க்யூட் வரைபடத்தையும் வந்தவர்களுக்குச் சும்மாவே கொடுத்தார். சர்டிஃபிகேட் கொடுத்ததாகத் தகவல் இல்லை.

அடுத்த முறை புரொஜெக்டர் வேண்டாம். "இந்த வாரம் எதில் மாட்டிக்கொண்டீர்கள்?" என்று ஒவ்வொருவரையும் கேள். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். அந்தச் சனிக்கிழமை வைத்தால், எழுந்து போனவர் நாற்காலியில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். யூடிசிநவ் மானக்கேட்டை முதலில் நானே சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்குக் கூச்சம் போகும்.

அத்தையை விசாரித்ததாகச் சொல்.

உன்,
பழைய ரூம்மேட்