கால் கிலோ மயில்துத்தமும் ஒரு மோலும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ்வழி. பள்ளி ஆய்வகங்களைப் பற்றி ஒரு கோரிக்கை வைக்கவே இந்தக் கடிதம்.

பரமத்தி வேலூர் பக்கம் எங்களுக்குக் குத்தகைக் கொடிக்கால் இருக்கிறது. மழைக்காலத்தில் வெற்றிலைக்கு வாடல் வராமலிருக்க அப்பா பூஞ்சைக்கொல்லியான போர்டோ கலவை தயாரித்து வேரில் ஊற்றுவார். 100 லிட்டருக்குக் கால் கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), கால் கிலோ சுண்ணாம்பு. கலந்ததும் இரும்புக் கத்தியை முக்கி எடுத்துப் பார்ப்பார். அலகில் செம்பு நிறம் ஏறியிருந்தால் இன்னும் சுண்ணாம்பு போட வேண்டும். அந்த டிரம் பக்கத்திலேயே வளர்ந்தவள் நான். ஆனாலும் பிளஸ் டூவில் மோலாரிட்டி, அதாவது ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் (வேதியியலில் துகள்களை எண்ணும் அலகு) பொருள் இருக்கிறது என்பது, எனக்கு வெறும் சூத்திரம். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், மதிப்பெண்ணும் வாங்கினேன். செய்முறை வகுப்பில் பெர்மாங்கனேட் கரைசல் கேனில் தயாராக இருக்கும். அளவுக் குழாயான பியூரெட்டில் ஊற்றித் தரம் பார்ப்போம், அதாவது செறிவைக் கண்டுபிடிப்போம். இரண்டு வருடத்தில் ஒரு கிராம் உப்பைக்கூட என் கையால் நிறுத்துக் கரைத்ததில்லை.

கல்லூரியில்தான் முதன்முதலாகக் காப்பர் சல்பேட் நிறுத்தேன். 100 மில்லி திட்டக்குடுவையில் 0.1 மோலார் கரைசலுக்கு 2.497 கிராம். ஒரு மோலுக்கு 249.7 கிராம் என்று நோட்டில் எழுதும்போது பேனா நின்றுவிட்டது. அது அப்பாவின் கால் கிலோ! கடைத் தராசில் அவர் வாங்கி வந்தது ஒரு மோல் மயில்துத்தம். சுண்ணாம்பை விட்டுவிட்டுப் பார்த்தால் அவருடைய டிரம்மின் கணக்கு 0.01 மோலார். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் கலரிமீட்டர், கரைசல் எவ்வளவு ஒளியை விடுகிறது என்று அளக்கும் கருவி. அந்தக் கரைசலிலிருந்து பிப்பெட்டில் 2, 4, 6, 8, 10 மில்லி எடுத்து, அமோனியா சேர்த்து, ஒவ்வொன்றையும் 100 மில்லியாக்கினோம். வெளிர் நீலம் ஆழ்நீலமாக மாறியது. நீலக் கரைசலுக்கு ஏன் ஆரஞ்சு ஃபில்டர் போடுகிறோம் என்று கேட்டேன். "எந்த வெளிச்சத்தைக் கரைசல் பிடிச்சு வைக்குதோ அதைத்தாம்மா அளக்கணும். நீலம் அது விட்டுக்கொடுக்கிறது" என்றார் மேடம்.

8 மில்லி கரைசல் 100க்கு 40 பங்கு ஒளியை விட்டது. செறிவு பாதியானால் 80 வரும் என்று நினைத்து 4 மில்லிக் கரைசலை வைத்தேன். வந்தது 63. கருவி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். மேடம் இரண்டு குவெட்டை (கரைசல் ஊற்றி வைக்கும் சிறு கலம்) அடுத்தடுத்துப் படம் வரைந்தார். முதல் குவெட் 100இல் 63ஐ விடுகிறது. இரண்டாவதற்குக் கிடைப்பது 63தான். அதிலும் 100க்கு 63 பங்கு விட்டால் 40. ஒவ்வோர் அடுக்கும் தனக்கு வந்ததில் அதே பங்கைத்தான் எடுக்கிறது. இதை 1729இல் பூகே என்ற அறிஞர் கண்டார், 1760இல் லாம்பர்ட் கணிதமாக்கினார், 1852இல் பீர் செறிவோடு சேர்த்தார். 100/40, 100/63 இரண்டுக்கும் மடக்கை எடுத்தால் 0.40, 0.20 என்று சரிபாதியாகிறது. மடக்கை எதற்கு என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

இந்த மடக்கை மதிப்புகளைச் செறிவுக்கு எதிராக வரைபடத்தில் போட்டபோது, 6 மில்லிப் புள்ளி மட்டும் கோட்டுக்கு மேலே நின்றது. 0.30 வர வேண்டிய இடத்தில் 0.36. குவெட்டின் வழவழப்பான பக்கத்தில் என் கட்டைவிரல் ரேகை. ஒளியைத் தடுப்பது கரைசலா, என் கை எண்ணெயா என்று கருவிக்குத் தெரியாது. துடைத்து வைத்ததும் புள்ளி கோட்டில் வந்து உட்கார்ந்தது.

கருவி இல்லாமலும் இதைக் காட்டலாம். வீட்டில், இனிமேல் குடிக்கப் பயன்படுத்தாத நேரான கண்ணாடி டம்ளரில் பாதிவரை மயில்துத்தக் கரைசல் ஊற்றி, கீழே வெள்ளைத்தாள் விரித்து, அப்பாவை மேலிருந்து பார்க்கச் சொன்னேன். பிறகு தண்ணீர் விட்டு நிரப்பினேன். பக்கவாட்டில் நிறம் வெளுத்துவிட்டது. மேலிருந்து பார்த்தால் மாறவே இல்லை. செறிவு பாதி, ஆழம் இரண்டு மடங்கு. "ஏன் அம்மிணி, மருந்து அவ்வளவேதான இருக்குது, தண்ணிதான கூடிச்சு" என்றார். எட்டாவதோடு நின்றவர் அவர்.

கல்வித்துறைக்கு என் கோரிக்கை இதுதான். பிளஸ் ஒன், பிளஸ் டூ செய்முறைப் பட்டியலில் மாணவர் தானே நிறுத்து, கரைத்து, நீர்க்கச் செய்யும் சோதனை ஒன்று கட்டாயம் இருக்கட்டும். கலரிமீட்டர் இல்லாத பள்ளியில் டம்ளரும் வெள்ளைத்தாளும் போதும். மயில்துத்தம் உரக்கடையில் கிடைக்கிறது. அது நஞ்சு, ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும், கையுறை வேண்டும், மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டக் கூடாது. இவ்வளவுதான் ஏற்பாடு. பக்கத்துப் பள்ளிகள் எதுவானாலும் கூப்பிட்டால் சனிக்கிழமைகளில் வந்து செய்துகாட்ட நானும் என் வகுப்புத் தோழிகள் நான்கு பேரும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வேதியியல் மாணவி,
நாமக்கல் மாவட்டம்